பல்நோக்குப் பள்ளியும் பிழைப்புக்கான வழியும்

பள்ளி இறுதித் தேர்வில் தேறிய பிள்ளைக்கு ஒரு கைத்தொழிலாவது தெரிந்திருக்க வேண்டாமா? இக்கேள்விக்கு விடைகாண ஒருகால் நம் நாடு செய்த முயற்சியின் சுவடு மைசூரில் உண்டு. மானச கங்கோத்ரிப் பகுதியிலுள்ள மண்டலக் கல்வியியல் நிறுவனத்தைச் சார்ந்த பள்ளிக்கு, ‘செயல்விளக்கப் பல்நோக்குப் பள்ளி’ என்ற பொருள்படும் ஆங்கிலப் பெயர் இன்றும் நிலைத்திருக்கிறது. ‘மல்டிபர்பஸ்’ என்பதைப் ‘பல்நோக்கு’ என்று தமிழாக்குவதில் என் போன்ற மொழிபெயர்ப்பாளர்க்கு யாதொரு சிரமமும் இல்லை. அதைச் செயலாக்குவதே அரிதாயிற்று.

1952-இல் இந்திய அரசு அமைத்த இடைநிலைக் கல்விக் குழுவுக்குச் சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தர் டாக்டர் இலட்சுமணசாமி முதலியார் தலைமை தாங்கினார். உயர்நிலைப் பள்ளி கல்லூரிக்கு ஏறும் படிக்கட்டு மட்டுமன்று, தன்னளவில் நிறைவுற்ற கல்வியாக இருத்தல் வேண்டும் என்பது 1953-இல் வெளிவந்த அறிக்கையின் கருத்து. அதன்படி மொழி வரலாறு முதலிய கலைகள், விஞ்ஞானம், தொழில்நுட்பம், வாணிகம், வேளாண்மை, நுண்கலை, மனையியல் என ஏழு பிரிவுகள் வகுக்கப்பட்டன. மாணவன் தன் நாட்டத்துக்கேற்ப ஒன்றைத் தேர்ந்துகொள்ளலாம்.

பள்ளிகள் தோன்றின, கடைசல் பொறியையும் கணக்குப் பேரேட்டையும் கற்பிக்கத்தக்க ஆசிரியர்கள் போதவில்லை. அவர்களைப் பயிற்றுவிக்கவே 1963-இல் மைசூரிலும், ஆஜ்மீர், போபால், புவனேசுவரம் ஆகிய ஊர்களிலும் மண்டலக் கல்லூரிகள் தொடங்கப்பெற்றன. மருந்து வந்ததற்குள் நோயாளியின் நிலை மாறிவிட்டது. 1964 முதல் 1966 வரை ஆராய்ந்த கோத்தாரி குழு, பத்தாம் வகுப்புவரை பொதுக்கல்வி என்ற வேறு பாதையைக் காட்டிற்று.

ஆசிரியர் பஞ்சம் மட்டுமே காரணமன்று. 1950-இல் தொடங்கிய கைவினைஞர் பயிற்சித் திட்டம் அன்று தொழிலாளர் அமைச்சகத்தின் பொறுப்பாக இருந்தது. பள்ளியோ கல்வித்துறையின் பொறுப்பு. இவ்விரண்டும் தனித்தனியே நடந்தன. குமாஸ்தா வேலைக்குக்கூடப் பட்டம் கேட்கப்படும் காலத்தில் எந்தத் தகப்பனார் மகனைப் பட்டறைப் பிரிவில் சேர்க்கத் துணிவார்? அவரைக் குறைகூற எனக்கு மனம் வரவில்லை.

2020-ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கை எடுத்துக்காட்டும் மதிப்பீட்டின்படி, 19 முதல் 24 வயதுக்குட்பட்ட இந்தியத் தொழிலாளரில் முறையான தொழிற்கல்வி பெற்றோர் நூற்றுக்கு ஐவருக்கும் குறைவு. ஜெர்மனியில் 75 பேர், தென்கொரியாவில் 96 பேர். ஆறு முதல் எட்டாம் வகுப்புவரை பயில்வோர் பத்து நாள் புத்தகப் பையின்றித் தச்சர், தோட்டக்காரர், குயவர் ஆகியோரிடம் பழக வேண்டும் என்றும் அக்கொள்கை கூறுகிறது. பத்து நாளில் தச்சுவேலை கைவந்துவிடாது.

அதே மைசூரில் 2005-இல் திறக்கப்பெற்ற இன்போசிஸ் பயிற்சி மையத்தில், பொறியியற் பட்டம் பெற்று வருவோர்க்கே வேலைக்கு வேண்டிய தொழிலை மாதக்கணக்கில் கற்பித்து வருகிறார்கள்.