பூட்டிய மருந்துக்கடை மீண்டும் திறக்க வேண்டும்

திருவல்லிக்கேணியில் மேன்ஷன் ஒன்றில் தங்கி வேலை பார்க்கும் இளைஞர் ஒருவர் காசநோய்க்கு எங்களிடம் சிகிச்சை பெற்று வருகிறார். சென்ற மாதம் மறுபரிசோதனைக்கு வந்தபோது, ஒன்பது நாட்களாக மாத்திரை உட்கொள்ளவில்லை என்றார். வழக்கமாக வாங்கும் கடை பூட்டியிருந்தது. மருந்துச் சீட்டோ சொந்த ஊரில் தங்கிவிட்டது. சீட்டில்லாமல் மற்றொரு கடையில் தர மறுத்துவிட்டார்கள்.

மறுத்தவர் செய்தது முற்றிலும் சரி. பூட்டிய கடையைப் பற்றித்தான் நாங்கள் விசாரித்தோம். உரிமத்தைத் தக்கவைக்கும் கட்டணத்தை உரிமையாளர் உரிய காலத்தில் செலுத்தவில்லை, உரிமம் ரத்தாகிவிட்டது.

மருந்துக்கடை நடத்த இரண்டு ஆவணங்கள் இன்றியமையாதவை. ஒன்று, 1940ஆம் ஆண்டின் மருந்துகள் மற்றும் அழகுசாதனப் பொருட்கள் சட்டத்தின்கீழ் மாநில மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை வழங்கும் விற்பனை உரிமம். மற்றொன்று, 1948ஆம் ஆண்டின் மருந்தியல் சட்டத்தின்கீழ் மருந்தாளுநர் பெற்றிருக்க வேண்டிய பதிவு. 2017இல் செய்யப்பட்ட விதித் திருத்தத்தின்படி, ஐந்து ஆண்டுகளுக்கு ஒருமுறை கட்டணம் செலுத்தினால் விற்பனை உரிமம் தொடர்ந்து செல்லும். தவறினால், மாதத்திற்கு 2 விழுக்காடு தாமதக் கட்டணத்துடன் ஆறு மாதங்கள் வரை செலுத்தலாம். அதையும் தவறவிட்டால் உரிமம் ரத்தானதாகவே கருதப்படும். பிறகு புதிதாக விண்ணப்பித்து, ஆய்வு முடிந்து, உரிமம் பெற வேண்டும்.

இவ்வளவு கண்டிப்பு எதற்கு என்று சிலர் கேட்கலாம். காசநோய் மருந்துகள் எச்-1 அட்டவணையில் அடங்கியவை. 2014 மார்ச் 1 முதல், இவற்றை விற்கும் கடைக்காரர் மருத்துவர், நோயாளி, மருந்து, அளவு ஆகிய விவரங்களைத் தனிப் பதிவேட்டில் எழுதி, மூன்று ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும். 2018ஆம் ஆண்டின் அரசாணைப்படி, காசநோய் மருந்து வாங்குவோரைப் பற்றி அரசுக்குத் தெரிவிப்பதும் அவர் கடமை. நோயாளி சிகிச்சையை இடையில் விட்டுவிடாமல் பார்த்துக்கொள்ளவும், வீட்டிலுள்ளோரைப் பரிசோதிக்கவும் அந்தத் தகவல் உதவுகிறது. உரிமமில்லாத கடையில் இந்தச் சங்கிலி அறுந்துவிடும். ஆகவே விதியைத் தளர்த்தச் சொல்லவில்லை. விதிக்குள் திரும்பிவர உதவுங்கள் என்கிறோம்.

வீட்டிலிருந்தபடியே காசநோய்க்கு மருந்து உட்கொள்ளலாம் என்பதை உலகுக்குக் காட்டியதே நம் சென்னைதான். 1956இல் சேத்துப்பட்டில் தொடங்கப்பட்ட ஆய்வு மையம், சானடோரியத்தில் படுத்திருந்து பெறும் சிகிச்சைக்கு வீட்டுச் சிகிச்சை குறைந்ததல்ல என்று நிறுவியது. நோயாளி வீட்டிலிருக்க வேண்டுமானால், மருந்து அவருக்கு எட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். மேன்ஷன்களில் தனியாக வாழ்வோருக்கும், பிள்ளைகள் வெளியூரில் இருக்கும் முதியோருக்கும் தெருமுனை மருந்தாளுநரே பல நாட்களில் முதல் ஆலோசகர்.

அந்தக் கடை உரிமையாளருடன் எங்கள் மருந்தகப் பிரிவினர் அமர்ந்து, புதிய விண்ணப்பத்துக்குத் தேவையான தாள்களைச் சரிபார்த்துத் தந்தனர். கட்டடத்துக்கான ஆவணமும் மருந்தாளுநரின் பதிவுச் சான்றும் ஒழுங்காக இருந்தன. இப்போது ஆய்வுக்காகக் காத்திருக்கிறார். உரிமம் கைக்கு வரும்வரை ஒரு மாத்திரையும் விற்கக் கூடாது என்பதையும் அவரிடம் சொல்லியிருக்கிறோம்.

நோயாளிகளுக்கும் குடும்பத்தினருக்கும் எங்கள் வேண்டுகோள் இவை. கடையில் உரிமம் பார்வையில் படும்படி வைக்கப்பட்டுள்ளதா என்று கவனியுங்கள். பில் கேட்டு வாங்குங்கள். மருந்துச் சீட்டைக் கைப்பேசியில் படமெடுத்தும் வையுங்கள். மாத்திரை தீர ஒரு வாரம் இருக்கும்போதே அடுத்ததை வாங்கிவிடுங்கள். காசநோய் மருந்துகள் அரசு நலவாழ்வு மையங்களில் இலவசமாகக் கிடைக்கின்றன. விலை ஒரு தடையாக வேண்டியதில்லை. உங்களுக்கு அறிமுகமான கடைக்காரரிடம், உரிமக் கட்டணத்தின் தவணை நாள் எப்போது என்று ஒரு வார்த்தை கேளுங்கள். அக்கறையுள்ள வாடிக்கையாளர் கேட்டால் அவர் தவறாக நினைக்கமாட்டார்.

அந்த இளைஞர் அன்றே மருந்தைத் தொடங்கினார். விடுபட்ட ஒன்பது நாட்களைக் கணக்கில் கொண்டு, அவருடைய சிகிச்சையை நீட்டியிருக்கிறோம். கடை பூட்டியிருந்தால், காத்திருக்காமல் அன்றே எங்களிடம் வாருங்கள்.