காற்றுக்கும் உண்டு கணக்கு

மட்டாஞ்சேரிக்குச் சரக்கு கொண்டுவரும் பிக்-அப் வண்டிகளுக்கு டயர் அழுத்தம் உயிர்ப் பிரச்சினை

கொச்சியின் மட்டாஞ்சேரி பஜார் ரோட்டில் பழைய கிடங்குகள் பலவும் கலைப்பொருள் கடைகளாகவும் காபி விடுதிகளாகவும் மாறிவிட்டன. மிச்சமுள்ள கிடங்குகளுக்கு மிளகும் சுக்கும் அரிசியும் இன்னும் வந்துகொண்டுதான் இருக்கின்றன. பெரிய லாரிகள் திரும்பத் திணறும் குறுகிய தெரு என்பதால் பிக்-அப் வண்டிகளுக்கு மவுசு. வரும்போது மூட்டைகள் நிறைய. திரும்பும்போது பல சமயம் காலி. டயருக்குச் சோதனை இங்கேதான் ஆரம்பிக்கிறது.

வண்டியின் எடையைப் பெருமளவு தாங்குவது ரப்பர் அல்ல, உள்ளே அடைபட்ட காற்று. சரக்கு ஏறினால் பாரத்தின் பெரும்பகுதி பின்சக்கரங்களின் மீது இறங்குகிறது. காற்று குறைவாக இருந்தால், ஒவ்வொரு சுற்றிலும் டயரின் பக்கச்சுவர் மடங்கி நிமிர்கிறது. அதனால் உண்டாகும் சூடுதான் டயருக்கு எமன். இடுக்கி மலைப்பாதையில் முழுச் சுமையுடன் இறங்கும்போது டயர் வெடித்தால் வண்டி டிரைவரின் பிடியில் இருக்காது.

அதற்காக எப்போதும் அதிகக் காற்று வைப்பதும் சரியல்ல. காலி வண்டி துள்ளும். டயரின் நடுப்பகுதி மட்டும் தேயும். சாலையில் பிடிப்பு குறையும்.

அப்படியானால் எத்தனை பவுண்டு? பலரும் டயரின் பக்கவாட்டில் அச்சிட்ட எண்ணைப் பார்க்கிறார்கள். அது டயர் தாங்கக்கூடிய உச்ச அளவு. உங்கள் வண்டிக்கான அளவு அல்ல. சரியான விடை டிரைவர் பக்கக் கதவோரம் ஒட்டிய ஸ்டிக்கரிலோ வண்டியின் கையேட்டிலோ இருக்கிறது. முன்சக்கரத்துக்கு ஒன்று, பின்சக்கரத்துக்கு ஒன்று. காலி வண்டிக்கும் முழுச் சுமைக்கும் தனித்தனி அளவு கொடுத்திருந்தால், அதன்படியே மாற்ற வேண்டும்.

அளக்க வேண்டியது டயர் குளிர்ந்திருக்கும்போது: காலையில் கிளம்பும் முன், அல்லது வண்டி மூன்று மணி நேரமாவது நின்ற பிறகு. ஓடிய டயரில் அழுத்தம் நாலைந்து பவுண்டு ஏறியிருக்கலாம். அதைக் கண்டு காற்றைத் திறந்துவிட்டால், டயர் ஆறியதும் அளவு குறைந்துபோகும்.

டயரில் இன்னொரு எண்ணும் உண்டு: சுமைக் குறியீடு. 104 என்றால் ஒரு டயர் 900 கிலோ தாங்கும். பின்பக்கம் இரண்டு டயருக்கு 1,800 கிலோ. வண்டியின் சொந்த எடையில் பின்பக்கம் விழும் பங்கும் இதில் அடக்கம். இதைத் தாண்டிவிட்டு, கூடுதல் காற்று அடித்தால் சரியாகிவிடும் என்று நினைப்பது ஆபத்து. அளவுக்கு மீறிய சுமைக்குக் காற்றில் பரிகாரம் கிடையாது.

மிளகு மூட்டையைத் தராசில் நிறுத்துப் பார்க்காமல் பஜாரில் யாரும் வாங்குவதில்லை. டயரை மட்டும் காலால் உதைத்துப் பார்த்துத் திருப்தி அடைவானேன்? கையடக்க அழுத்தமானி ஒன்று போதும். ஸ்டெப்னியையும் சேர்த்து வாரம் ஒருமுறை, சுமை ஏற்றும் நாட்களில் கிளம்பும் முன் கட்டாயம்.