வலியை வழிமறிக்கும் ஊசி

தீப்புண்ணில் ஒரு விந்தை உண்டு. மேலோட்டமாகச் சுட்ட இடம் நம்மைத் துடிக்க வைக்கும். தோலின் முழுக் கனமும் வெந்துபோன இடத்திலோ தொட்டாலும் தெரியாது. வலியை உணரும் நரம்பு நுனிகளே அங்கு எரிந்து போயிருக்கும். (வலிக்கவில்லை என்பதால் காயம் சிறியது என்று எண்ணிவிடாதீர்கள்!) இத்தகைய ஆழமான புண் பெரிதாக இருந்தால் தானாக எளிதில் மூடாது. ஆகவே நோயாளியின் தொடையிலிருந்து, ஒரு மில்லிமீட்டரிலும் குறைந்த கனத்தில், நல்ல தோலைச் சீவி எடுத்துப் புண்ணின் மேல் ஒட்டுகிறார்கள்.

தொல்லை இங்கேதான் தொடங்குகிறது. சீவிய இடத்தில் நரம்பு நுனிகள் உயிரோடு திறந்து கிடக்கின்றன. தீப்புண்ணைவிடத் தோல் எடுத்த தொடையே அதிகம் வலிக்கிறது என்று சொல்லும் நோயாளிகள் பலர். மார்ஃபின் கொடுக்கலாம். ஆனால் அது மூளையிலும் தண்டுவடத்திலும் வேலை செய்யும் மருந்து. அளவு கூடினால் மூச்சு மந்தமாகும். வலியோ ஓரிடத்தில்தான். அந்தச் செய்தியை வழியிலேயே மறிக்க முடியாதா?

முடியும். வலிச் செய்தி நரம்பிழை வழியே ஓடும் ஒரு மின் துடிப்பு. இழையின் சவ்வில் உள்ள நுண்ணிய வாயில்கள் திறக்க, சோடியம் அயனிகள் உள்ளே பாய்கின்றன. துடிப்பு அடுத்த வாயிலுக்குத் தாவுகிறது. புபிவகெயின் போன்ற மருந்துகள் இழைக்குள் புகுந்து, உட்புறமிருந்து இவ்வாயில்களை அடைத்துவிடுகின்றன. துடிப்பு அங்கேயே நின்றுவிடும். பல மணி நேரம் மூளைக்குச் செய்தி போகாது.

தொடையின் வெளிப்பக்கத் தோலுக்கென்று தனி நரம்பு ஒன்று உண்டு. இடுப்பெலும்பின் முன்முனைக்கு அருகே அது தொடையில் இறங்குகிறது. மருத்துவர் அல்ட்ராசவுண்ட் திரையில் பார்த்துக்கொண்டே, நரம்புக்குள் அல்லாமல் அதன் பக்கத்தில் மருந்தைச் செலுத்துகிறார். இந்த நரம்பில் தசையை இயக்கும் இழைகள் கிடையா. எனவே தோல் மரத்தாலும் கால் தளராது. தீப்புண் தழும்பு சுருங்கி மூட்டுகளை இழுத்துப் பிடிக்கக்கூடியது. ஆதலால் நோயாளி விரைவில் நடமாடுவது அவசியம்.

கை வெந்தவருக்குக் கட்டு மாற்றும்போது அக்குளில் ஊசி போடுவார்கள். அங்குள்ள நரம்புகளில் இருவகை இழைகளும் கலந்திருப்பதால் கையும் சேர்ந்து தொங்கிவிடும்.

உடலின் பெரும்பகுதி வெந்தவருக்கு எல்லா நரம்புகளையும் இப்படி மறிக்க இயலாது. மருந்து மிகுந்து இரத்தத்தில் கலந்தால், மூளையிலும் இதயத்திலும் உள்ள சோடியம் வாயில்களும் அடைபடும். வலிப்பு வரலாம், இதயத் துடிப்பு தடுமாறலாம். அதனால்தான் நோயாளியின் எடையைப் பார்த்து அளவை முடிவு செய்கிறார்கள்.