ஆற்றல் இருந்தது, அனுமதி இருக்கவில்லை

கூசேன்வில்லில் வாழும் நம்மவர்க்கு விமான இரைச்சல் புதிதன்று. வானை அண்ணாந்து பார்க்கும் நம் பிள்ளைகள், அயலிலுள்ள லு பூர்ஜே விமானத்தளத்தில் சிலையாக நிற்கும் ஒரு பெண்மணியையும் அறிந்திருத்தல் வேண்டும். அவர் பெயர் ரேமோந்து து லாரோஷ்.

பாரிசில் நீர்க்குழாய் பொருத்தும் தொழிலாளி ஒருவரின் மகளாக 1882இல் பிறந்த இவர், 1910 மார்ச் 8ஆம் நாள் 36ஆம் இலக்க விமானி அனுமதிப்பத்திரத்தைப் பெற்றார். உலகில் அதனைப் பெற்ற முதற் பெண் இவரே. அவ்வாண்டு ஜூலையில் விமானம் வீழ்ந்து படுகாயமுற்றார். எனினும் குணமடைந்து மீண்டும் பறந்தார். 1914இல் போர் மூண்டபோது, பெண்கள் பறப்பது ஆபத்தானது எனத் தடுக்கப்பட்டது. இராணுவ வாகனச் சாரதியாக, குண்டுமழையினூடே அதிகாரிகளைப் போர்முனைக்கு ஏற்றிச் செல்லும் பணியே அவருக்குக் கிடைத்தது. அப்பணி மட்டும் ஆபத்தற்றது போலும்! 1919 ஜூலை 18இல் சோதனை விமானமொன்று வீழ்ந்ததில் அவர் உயிரிழந்தார்.

அவருக்குப் பின் வந்தவர் லெவலுவா பெரேயைச் சேர்ந்த மரீஸ் இல்ஸ். தொப்பி தைத்துப் பிழைத்தவர். விமானப் பயிற்சிக்குப் பணம் தேட, கண்காட்சிகளில் வான்குடையுடன் குதித்தார். 1930இல் சிறு விமானமொன்றில் தன்னந்தனியே பாரிசிலிருந்து சைகோனுக்குப் புறப்பட்டு, மறு ஆண்டு வெற்றியுடன் திரும்பினார். ஜெர்மனிய ஆக்கிரமிப்பின்போது எதிர்ப்பியக்கத்தில் பணியாற்றினார்.

1944இல் விமானத்துறை அமைச்சர் சார்ள் தியோன், பெண் இராணுவ விமானிகள் பிரிவொன்றை உருவாக்கினார். இல்ஸும் அதில் இணைந்தார். 1946 ஜனவரியில் இராணுவ விமானத்தில் பணியிலிருந்தவேளை விபத்தில் மாண்டார். போர் முடிந்ததும் அப்பிரிவும் கலைக்கப்பட்டது. ஆபத்து வேளையில் திறந்த கதவு, அமைதி வந்ததும் சாத்தப்பட்டது.

அக்கதவு முழுமையாகத் திறக்க அரை நூற்றாண்டு சென்றது. 1999இல் போர்விமானித் தகுதி பெற்ற கரோலின் எகல் அவர்களே, போர் விமானப் படையணியொன்றில் சேர்ந்த முதற் பிரெஞ்சுப் பெண். 2007இல் 32 வயதில் அவர் புற்றுநோயால் மறைந்தார்.

குழாய் பொருத்துநரின் மகளும் தொப்பி தைத்தவரும் செல்வத்தால் உயர்ந்தவரல்லர். தையற்கூடங்களிலும் துப்புரவுப் பணிகளிலும் உழைத்துப் பிள்ளைகளைப் படிப்பிக்கும் நம் குடும்பங்களுக்கு இவர்கள் அந்நியரும் அல்லர். நாளை உங்கள் மகள் "நான் விமானியாக வேண்டும்" என்றால், நாட்டின் கதவு இன்று திறந்தே இருக்கிறது. வீட்டின் கதவைச் சாத்திவிடாதீர்கள்.