வெடியின் கொம்பைத் திருத்தியவர்கள்

சிவகாசி என்றதும் தீபாவளிதான் நினைவுக்கு வரும். ஆனால் தீபாவளி ஒரு நாளோடு போய்விடும். சிவகாசியில் அச்சாகும் தினசரி காலண்டரோ, நல்ல நேரமும் ராகு காலமும் சொல்லிக்கொண்டு வருஷம் 365 நாளும் நம் வீட்டுச் சுவரில் தொங்குகிறது! தீப்பெட்டிக்கும் பட்டாசுக்கும் லேபிள் வேண்டுமே என்று அங்கே வேரூன்றிய அச்சுத்தொழில், இன்று அந்த இரண்டுக்கும் இளைத்ததாக இல்லை.

அச்சகத்தில் இப்போது ஈய எழுத்து ஏது? எல்லாம் கம்ப்யூட்டர். அந்தக் கம்ப்யூட்டரில் தமிழ் பட்ட பாடு ஒரு தனிக் கதை.

"வெடி" என்ற சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். கையால் எழுதும்போது முதலில் கொம்பு, பிறகு "வ". ஈய எழுத்துக் காலத்தில் அச்சுக் கோப்பவரும் அதே வரிசையில்தான் கோத்தார். "யூனிகோடு" என்ற உலகப் பொது முறையில் விஷயம் வேறு. கம்ப்யூட்டர் "வ"வை முதலில் குறித்துக்கொண்டு, கொம்பை அடுத்ததாக வைத்துக்கொள்ளும். பக்கத்தில் காட்டும்போது கொம்பை முன்னால் கொண்டுவந்து நிறுத்துவது மென்பொருளின் வேலை. மென்பொருளுக்குத் தமிழ் தெரியாவிட்டால்? கொம்பு "வ"வுக்குப் பின்னால் போய் நிற்கும். "டி"யின் சுழி கழன்று தனியே தொங்கும். அந்த லேபிளை ஒட்டினால் பட்டாசு வெடிக்குமோ என்னவோ, படிப்பவர் சிரிப்பார்!

விலையில்லாத மென்பொருள்

பக்கம் அமைப்பதற்கு "ஸ்கிரைபஸ்" என்று ஒரு மென்பொருள் உண்டு. பிரான்ஸ் ஷ்மிட் என்ற ஜெர்மானியர் 2001-ல் தொடங்கியது. 2003-ல் முதல் முழுப் பதிப்பு வந்தது. விலை கிடையாது. அதைவிட முக்கியம், அதன் உள்கட்டு ரகசியம் அல்ல. பட்டாசு ஆலைக்காரர் மருந்துக் கலவையின் அளவை அடுத்தவருக்குச் சொல்ல மாட்டார். ஸ்கிரைபஸ்காரர்கள் கலவையைச் சுவரில் எழுதிப் போட்டுவிட்டார்கள். யாரும் படிக்கலாம், யாரும் திருத்தலாம்.

நம் ஊர்களில் பேர்பெற்ற "பேஜ்மேக்க"ருக்குக் கடைசிப் பதிப்பு 2001-லேயே வந்துவிட்டது. அதை வெளியிட்ட அடோபி கம்பெனி, 2013 முதல் தன் புதிய மென்பொருள்களை வாடகை முறைக்கு மாற்றியது. பேஜ்மேக்கருக்காகப் பழகிய பழைய தமிழ் எழுத்துருக்களில் அடித்த வாசகத்தைக் கைபேசிக்கு அனுப்பினால் ஆங்கில எழுத்துக் குப்பையாகத் தெரியும். மறுபடி அடிக்க வேண்டியதுதான். தமிழ்நாடு அரசு 2010-ல் யூனிகோடை ஏற்று உத்தரவிட்டது. ஆனால் விலையில்லாத ஸ்கிரைபசுக்கோ "வெடி" எழுதத் தெரியவில்லை! இந்திய எழுத்துக்களும் அரபி எழுத்தும் அதில் ஆண்டுக்கணக்காக உடைந்தே கிடந்தன.

யாரும் திருத்தலாம் என்றால், ஏன் திருத்தவில்லை?

காரணம் எளிது. செய்பவர்கள் தொண்டர்கள். பகலெல்லாம் உத்தியோகம் பார்த்துவிட்டு இரவில் உட்காருகிறவர்கள். புதிதாக ஒன்றைச் செய்வதில் குஷி உண்டு. பழைய பிழையைத் தோண்டுவதோ அடைத்துக்கொண்ட சாக்கடையைக் குத்துவது போல. நிரல் தெரிந்தவருக்குத் தமிழ் தெரியாது. தமிழ் தெரிந்தவருக்கு நிரல் தெரியாது. "தமிழ் சரியாக வரவில்லை" என்று நாம் எழுதிப் போட்டால், ஜெர்மனியில் இருக்கிறவர் பாவம், என்ன செய்வார்? கொம்பு முன்னால் நின்றாலும் பின்னால் நின்றாலும் அவருக்கு ஒன்றுதானே!

பனியன் படுத்திய பாடு

ஆசை காட்டி ஆள் சேர்க்கலாமே என்று தோன்றும். அமெரிக்காவில் அதையும் செய்து பார்த்தார்கள். அக்டோபர் மாதத்தில் இத்தகைய மென்பொருள்களுக்கு நாலு திருத்தம் அனுப்பினால் ஒரு பனியன் இனாம் என்று டிஜிட்டல் ஓஷன் என்ற கம்பெனி அறிவித்தது. 2020-ல் திருத்தங்கள் வெள்ளமாக வந்து குவிந்தன. திறந்து பார்த்தால், ஒரு சொல்லைக் கூட்டி ஒரு புள்ளியைக் குறைத்த வெற்றுத் திருத்தங்கள் ஏராளம்! குப்பை அள்ளியே தொண்டர்கள் சலித்துப் போனார்கள். சம்மதம் தெரிவித்த குழுக்களுக்கு மட்டுமே இந்தப் போட்டி என்று நடுவிலேயே விதியை மாற்ற வேண்டியதாயிற்று.

ஸ்கிரைபசின் பிழை வேறு விதமாகத் தீர்ந்தது. தங்கள் அரபி எழுத்து உடைவதைப் பொறுக்காத ஓமான் நாட்டுக் குழு ஒன்று களத்தில் இறங்கியது. எழுத்துக்களை இடம் பார்த்து நிறுத்துவதற்கென்றே "ஹார்ப்பஸ்" என்ற திறந்த மென்பொருள் இருக்கிறது. அதை ஸ்கிரைபசுடன் இணைத்தார்கள். 2017-ல் 1.5.3 என்ற சோதனைப் பதிப்பில் அது வந்தது. அரபிக்காக வெட்டிய கிணற்றில் தமிழுக்கும் தண்ணீர்! ஆயினும் சோதனைப் பதிப்பு நிலைப் பதிப்பாவதற்கு 2024 ஜனவரி 1 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. முந்திய நிலை வரிசை தொடங்கியது 2012 ஜனவரி 1. சரியாகப் பன்னிரண்டு வருஷம். தொண்டர் வேலையின் வேகம் இவ்வளவுதான். வேகம் போதாது என்றால் நாமும் ஒரு கை கொடுக்க வேண்டும்.

கேரளத்தில் கொடுத்தார்கள். "ஜனயுகம்" என்ற மலையாள தினசரி, நிலைப் பதிப்புக்குக் காத்திராமல் 2019-லேயே ஸ்கிரைபசுக்கு மாறியது. தினமும் பத்திரிகை வெளிவந்தாக வேண்டும் என்ற நெருக்கடி இருக்கும்போது, எந்தப் பிழை உயிர்போகும் பிழை, எது பொறுக்கக்கூடியது என்று தெரிந்துவிடும். நாள்தோறும் அச்சேற்றுகிறவன் கண்ணுக்குத் தப்பும் பிழை சொற்பம்.

விருதுநகரின் பிடியரிசி

அப்படிப்பட்ட கண்கள் சிவகாசியில் எத்தனை! புரூப் பார்த்துப் பழகியவர்களுக்கு நிரல் தெரிய வேண்டியதில்லை. இன்ன சொல்லை அடித்தேன், இப்படி வர வேண்டும், இப்படி வந்தது என்று மூன்றே வரி. கூடவே ஒரு படமும் அந்தக் கோப்பும். ஒரு கடிதத்துக்கு ஒரே பிழை. திருத்தியவர் "பார்த்துச் சொல்லுங்கள்" என்றால் மறுநாளே பார்த்துச் சொல்ல வேண்டும். இந்தக் கடைசி வேலையைத்தான் பெரும்பாலோர் செய்வதில்லை. பதில் வராத இடத்தில் எந்தத் தொண்டன் நிற்பான்?

பக்கத்து விருதுநகரில் காமராஜர் படித்த சத்திரிய வித்யாசாலா பள்ளி, வீட்டுக்கு வீடு எடுத்து வைத்த பிடியரிசியால் வளர்ந்தது. உலை வைக்கும்போது ஒரு பிடி. எந்த வீடும் அதனால் பட்டினி கிடக்கவில்லை. பிழைக்கு மூன்று வரி எழுதுவது அந்தப் பிடியரிசிதான். வசதியுள்ள அச்சகங்கள் சேர்ந்து, நிரல் தெரிந்த ஒரு பிள்ளைக்குச் சம்பளம் கொடுத்து உட்கார வைத்தால் அது மகமை. இரண்டும் இந்த மண்ணுக்குப் புதிதல்ல.

ஆடிப்பெருக்கன்று புதுக் காலண்டர் ஆல்பம் வெளியாவது சிவகாசி வழக்கம். அதிலிருந்து மார்கழி வரை அங்கே மூச்சுவிட நேரமிராது. தை பிறந்து வேலை ஓய்ந்த பிறகு, ஓர் அச்சகத்தில் ஓர் ஓரத்துக் கம்ப்யூட்டரில் ஸ்கிரைபசை ஏற்றி, ஒரே ஒரு காலண்டர் தாளை அடித்துப் பார்க்கலாம். நல்ல நேரத்தின் கொம்பு இடத்தில் நிற்கிறதா என்று பார்ப்பதற்கு அரை நாள் போதும்.