கோ-கார்ட்: வாங்குமுன் அறிய வேண்டியவை



சென்ற பள்ளி விடுமுறையின்போது நம் மாணவர் இருவர், பழைய பலகையொன்றில் நான்கு சக்கரங்களைப் பூட்டி, தந்தையார் புல் வெட்டும் இயந்திரத்தின் எஞ்சினை அதில் இணைத்து, தோட்டத்துச் சரிவில் ஓட்டிப் பார்த்தனர். வண்டிக்குப் பிரேக் இல்லை. சரிவின் அடியிலோ செனாவாங் தொழிற்பேட்டைக்குச் செல்லும் லாரிகளின் சாலை. நல்லவேளையாக வண்டி அதற்கு முன்பே கால்வாயில் கவிழ்ந்தது; ஒருவனுக்குக் கை முறிந்ததோடு போயிற்று. வண்டியைப் பள்ளிக் கிடங்கில் வைத்துப் பூட்டினேன். கையில் கட்டுடன் வந்த அம்மாணவன், "ஐயா, உண்மையான கோ-கார்ட் வாங்க என்ன செய்ய வேண்டும்?" என்று கேட்டான். கடிந்துகொள்ள வாயெடுத்த எனக்கு விடை தெரியவில்லை. பின்னர் விசாரித்தும் படித்தும் அறிந்தவற்றையே இங்கு எழுதுகிறேன்.

அவ்விருவரும் செய்தது புதுமையன்று. 1956ஆம் ஆண்டில் அமெரிக்காவின் கலிபோர்னியாவில் ஆர்ட் இங்கல்ஸ் என்னும் பந்தயக் கார் கட்டுநர் முதல் கோ-கார்ட்டை உருவாக்கியபோது, புல் வெட்டும் இயந்திரத்தின் எஞ்சினைத்தான் பொருத்தினார். ஜெர்மனியில் செங்கல் கட்டும் தொழிலாளியான ரோல்ஃப் சூமாக்கர், தம் நான்கு வயது மகனின் மிதிவண்டிக் காரில் சிறிய மோட்டார் சைக்கிள் எஞ்சினைப் பூட்டிக் கொடுத்தார். சிறுவன் விளக்குக் கம்பத்தில் மோதினான். தந்தை வண்டியைப் பறிக்கவில்லை. மகனைக் கோ-கார்ட் தடத்துக்கு அழைத்துச் சென்றார். பிறர் கழித்துவிட்ட உதிரிப் பாகங்களால் வேறொரு வண்டி செய்து கொடுத்தார். செலவைச் சமாளிக்க அவர் தடத்தில் வண்டி பழுதுபார்த்தார். தாய் அங்குள்ள சிற்றுண்டிச் சாலையில் வேலை செய்தார். அச்சிறுவன் மைக்கல் சூமாக்கர். நமக்கு அண்மையிலுள்ள சிப்பாங்கில் 2000, 2001, 2004 ஆகிய ஆண்டுகளில் வென்றவர் அவரே.

கோ-கார்ட்டின் அமைப்பு எளியது, ஆனால் நுட்பமானது. காரில் இருப்பதுபோல் அதிர்வு தாங்கும் சுருள்வில் இதில் இல்லை. பின்சக்கரங்கள் இரண்டும் ஒரே இரும்புத் தண்டில் இறுகப் பொருத்தப்பட்டுள்ளன. வளைவில் வெளிச்சக்கரம் அதிகத் தொலைவும் உட்சக்கரம் குறைந்த தொலைவும் ஓட வேண்டுமல்லவா? ஒரே தண்டில் இருப்பதால் இரண்டும் ஒரே வேகத்தில்தான் சுழலும். ஆகவே ஓட்டுநர் திருப்பும்போது, முன்சக்கரங்களின் சாய்வினாலும் சட்டம் முறுக்கிக்கொள்வதனாலும் உட்புறப் பின்சக்கரம் தரையை விட்டுச் சற்றே எழும்புகிறது. அது எழும்பாவிட்டால் வண்டி நேராகவே இழுத்துக்கொண்டு போகும். சட்டத்தின் வளைந்து கொடுக்கும் தன்மையே இவ்வண்டியின் உயிர். எனவே பழைய வண்டி வாங்குவோர் பளபளப்பான வர்ணத்தைப் பார்க்காமல், கவிழ்த்து வைத்து அடிக்குழாய்களின் தேய்வையும் பற்றவைத்த இடங்களில் வெடிப்பு உண்டா என்பதையும் பார்க்க வேண்டும். தண்டைச் சுழற்றி, கோணல் உண்டா என்றும் காண வேண்டும்.

ஆயினும் முதலில் வாங்காதீர்கள்! சிப்பாங் பந்தயத் தடத்தின் வளாகத்திலேயே கோ-கார்ட் தடமும் உண்டு. வாடகை வண்டியில் சில முறை ஓட்டிப் பார்த்து, ஆர்வம் நிலைக்கிறதா என்று அறிந்த பின்னரே வாங்குவதைப் பற்றி யோசிக்கலாம். வாடகை வண்டிகளில் பெரும்பாலும் நீர் இறைக்கும் பம்புகளில் காணும் நான்கு வீச்சு எஞ்சினே இருக்கும். பந்தய வண்டிகளில் பரவலாக உள்ள ரோட்டாக்ஸ் மேக்ஸ் எஞ்சினோ 125 சி.சி. கொண்ட இரு வீச்சு எஞ்சின். பெரியவர் பிரிவில் ஏறத்தாழ 30 குதிரைத்திறன் தரும். அதற்குப் பெட்ரோலில் ஐம்பதில் ஒரு பங்கு எண்ணெய் கலக்க வேண்டும். புல் வெட்டும் நம் தோட்டத் தொழிலாளர்களுக்கு இக்கலவையைச் சொல்லித்தரத் தேவையில்லை.

விலையைக் காட்டிலும் ஓட்டும் செலவே பெரிது. டயர், செயின், எரிபொருள், எஞ்சினைப் பிரித்துச் சீர்செய்தல் என்று அது தொடரும். யானையை வாங்கிவிட்டுத் தீனிக்குத் தவிப்பவன் கதை ஆகிவிடக் கூடாது. இரண்டு மூன்று குடும்பங்கள் கூடி ஒரு வண்டி வாங்குவது எனக்கு ஏற்புடையதாகத் தோன்றுகிறது.

கோ-கார்ட்டில் இருக்கைப் பட்டை கிடையாது என்பது பலருக்கு வியப்பளிக்கும். தலைக்கு மேல் காப்புக் கூண்டு இல்லாத வண்டியில் ஓட்டுநரைக் கட்டிவைத்தால், கவிழும்போது அவர் வண்டிக்கு அடியில் சிக்குவார். ஆகவே முகம் முழுதும் மூடிய தலைக்கவசம், விலா எலும்புக் காப்பு, கையுறை, உடல் மூடிய உடை ஆகியவற்றில் சிக்கனம் கூடாது. நீண்ட கூந்தலையும் துப்பட்டாவையும் கட்டி உள்ளே செருக வேண்டும். சுழலும் தண்டு அவற்றைச் சுற்றி இழுத்துவிடும். பந்தயத்தில் இறங்க உரிமமும் வேண்டும்.

நம்மவரால் இயலுமா என்று ஒரு தாய் கேட்டார். கோயம்புத்தூர்த் தமிழரான நாராயண் கார்த்திகேயன் 2005இல் சிப்பாங்கில் ஃபார்முலா ஒன் பந்தயம் ஓட்டினார். அவருடைய தந்தையாரும் கார்ப் பந்தய வீரர்தாம். நம் பிள்ளைகளுக்கு அந்த வசதி இல்லை என்பதையும் மறைக்க விரும்பவில்லை.

மாணவர்களின் பலகை வண்டி இன்னும் கிடங்கில் இருக்கிறது. எஞ்சினை மட்டும் கழற்றித் தந்தையாரிடம் கொடுத்துவிட்டேன். மறுநாள் அவருக்குப் புல் வெட்டும் வேலை இருந்தது.