உங்களுக்குத் தெரியுமா? அட்டையும் றியோ இலையும்

கித்துல்கலயில் மழை விட்ட கையோடு அட்டை கிளம்பிவிடும். கொழுந்து மலைக்கும் றப்பர் காட்டுக்கும் போகிறவர்கள் காலில் சவர்க்காரம் பூசுவதும் உப்புப் பொட்டலம் எடுத்துக்கொள்வதும் அதனால்தான்.

அட்டைக்குச் சுவாசப்பை கிடையாது. ஈரத் தோலின் வழியே ஒட்சிசன் பரவலால் உள்ளே போகிறது. அதே ஈரத்தில் உப்பு விழுந்து கரைந்தால் செறிவான கரைசல் உண்டாகும். கலமென்சவ்வைத் தாண்டி உடல்நீர் வெளியேற, அட்டை சுருண்டுவிடும். இதுதான் பிரசாரணம், தமிழ்நாட்டுப் பாடநூலில் 'சவ்வூடு பரவல்'.

உயர்தர மாணவர்கள் ஆய்வுகூடத்தில் பார்ப்பதும் இதையே. றியோ இலையின் ஊதா நிறக் கீழ்ப்புற மேற்றோலை உரித்து, செறிவான சுக்குரோசுக் கரைசலில் இட்டு நுணுக்குக்காட்டியில் பாருங்கள். கலச்சுவர் அசையாது நிற்க, ஊதா உள்ளடக்கம் மட்டும் சுருங்கி விலகும். நீரில் இட்டால் மறுபடி விரியும். எத்தனை முறை பார்த்தாலும் அலுக்காத காட்சி!

ஒன்று மட்டும் கவனம்: கடித்துக்கொண்டிருக்கும் அட்டைமேல் உப்புப் போடாதீர்கள், அது வயிற்றில் உள்ளதைக் காயத்தில் கக்கக்கூடும். நகத்தால் மெல்ல நெம்பி எடுத்து, காயத்தைச் சவர்க்காரம் போட்டுக் கழுவுங்கள்.